தேனிலவுப் பயணம்: தேதி முதலில், ஊர் அப்புறம்
வாசகர் கேள்வி – பதில்

முகூர்த்த நாள் குறித்த கையோடு கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஹனிமூன் பற்றியவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலோர் "எந்த ஊர் நல்லா இருக்கும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். எந்த மாதத்தில், எத்தனை நாள் லீவில் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வைகாசி இரண்டாவது வாரம் கல்யாணம். மறுவீடு, விருந்து முடிந்ததும் நான்கு நாள் ஊட்டி போக ஆசை. கார் நல்லதா, ரயிலா? எப்போது முன்பதிவு செய்ய வேண்டும்?
வாசகி, மஞ்சக்குப்பம்

உங்கள் முகூர்த்தம் மே 22-ஐ ஒட்டி வருகிறது. கோடை விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் சேர்ந்து ஊட்டி திணறும் நேரம் அது. சொந்தக்காரர் வீட்டு விருந்துகள் எப்படியும் ஒரு வாரத்தில் முடியப் போவதில்லை. அவற்றை முடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஜூன் முதல் வாரத்தைத் தாண்டிக் கிளம்புங்கள். ஞாயிறு ராத்திரி ஏறி, திங்கள் முதல் வியாழன் வரை தங்கினால் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், தொட்டபெட்டாவிலும் வரிசை இருக்காது. தென்மேற்குப் பருவமழை அதற்குள் தொடங்கியிருக்கும். ஆனாலும் மழையின் கனம் கூடலூர், அவலாஞ்சி பக்கம்தான் அதிகம். ஊட்டி நகரத்தில் குடையும் ஸ்வெட்டரும் இருந்தால் சமாளிக்கலாம்.

கார் என்றால் கடலூரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர், ஒரு முழுப் பகல் போய்விடும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். பாஸ் இலவசம்தான். ஆனால் அது வண்டி எண்ணுக்குத் தரப்படுவது. வாடகைக் காரில் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: கிளம்பும் காலையில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அனுப்பிவிடுவார், கையில் இருக்கும் பாஸ் செல்லாது. வண்டி எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று ஊட்டிக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள். மசினகுடி வரை போக நினைத்தால் கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டியை இறக்க விடமாட்டார்கள். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள்தான். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜூன் 5-ம் தேதி ரயிலுக்கு ஏப்ரல் 6 காலை 8 மணிக்குத் திறக்கும். வண்டி புறப்படும் ஊரின் தேதிதான் கணக்கு. முதல் நாள் இரவு வேறு ஊரில் கிளம்பி மறுநாள் விழுப்புரம் வரும் வண்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள். இணைக்காத கணக்குக்கு முன்பதிவு திறக்கும் நேரத்தில் டிக்கெட் கிடையாது, தட்கலும் கிடையாது.

சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு இணைப்பு கொடுக்கிறது. ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து அதற்காகச் சென்னை போவது சுற்று வழி. கடலூர், புதுச்சேரி இரண்டிலிருந்தும் கோவைக்கு இரவுப் பேருந்து இருக்கிறது, அங்கிருந்து மேட்டுப்பாளையம் பக்கம்தான்.

மலை ரயிலைப் பற்றி ஒன்று. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு ஏறினால் ஊட்டி சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வழியில் நிற்கும் ஸ்டேஷன்களில்தான். கால் நீட்ட இடமில்லை, பெரிய சூட்கேஸ் வைக்கவும் இடமில்லை. கல்யாண அலுப்போடு, இரவெல்லாம் பேருந்தில் தூங்காமல் வந்து இதில் ஏறுவது எங்களுக்கு நல்ல யோசனையாகப் படவில்லை. ஊட்டியில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் குன்னூர் வரை மட்டும் அதே ரயிலில் போய் வாருங்கள். ஒரு மணி நேரப் பயணம், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும். மேட்டுப்பாளையம் டிக்கெட்டோ திறந்த சில நிமிஷத்தில் காலி.

தை மாதம் கல்யாணம். டிராவல்ஸில் அந்தமான் 4 இரவு, 5 பகல் பேக்கேஜ் மலிவாகத் தருகிறார்கள். கடைசி இரவு ஹேவ்லாக்கில், மறுநாள் காலைப் படகில் வந்து மதியம் விமானம். சரியாக வருமா?
வாசகர், லாஸ்பேட்டை

வராது. அந்த ஒரு வரிக்காகவே அந்த பேக்கேஜைத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், நேரத்தையும் மாற்றுவார்கள். படகுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறவிட்ட விமானத்துக்குக் கிடைக்காது. ஆகவே கடைசி இரவு எப்போதும் போர்ட் பிளேரில்தான். வரிசையை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி செல்லுலார் சிறை, மாலையில் ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் நீல் தீவை எட்டிப் பார்த்துவிட்டோ நேராகவோ போர்ட் பிளேர் திரும்பி இரவு தங்கல். ஐந்தாம் நாள் நிம்மதியாக விமானம்.

டிக்கெட்டில் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீப், நீல் ஷஹீத் தீப். 2024-ல் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள்.

அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். அதனால் ஜனவரியில் மாலை ஐந்தே காலை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கில் உள்ள ராதாநகர் கடற்கரைக்கு 4 மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலையில் சீக்கிரம் எழுந்து, பகலைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய ஊர் அது. ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் மூன்றாம் நாளில் வையுங்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது குமிழாகி ஆபத்தாகும். டைவுக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். ஆஸ்துமா, காது, சைனஸ் தொந்தரவு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள்.

மனைவியிடம் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயங்கள் இரண்டு. மாதவிலக்குத் தேதியைப் பார்த்து நாள் குறியுங்கள். தள்ளிப்போட மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான். இன்னொன்று, புதுத் தாலிக்கயிறு கடல் தண்ணீரில் நனைந்தால் மஞ்சள் விட்டு உடையெல்லாம் கறையாகும், ஈரம் காய ஒரு நாள் ஆகும். கடலில் இறங்க வெளிர் நிற உடையைத் தவிர்த்து நைலான் உடை எடுத்துக்கொள்ளட்டும். கல்யாண நகைகளை லாக்கரில் வைத்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.

இனி பேக்கேஜ் தாளை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். விலை ஜோடிக்கா, ஒருவருக்கா? விமான டிக்கெட் சேர்ந்ததா? "3 ஸ்டார் ஓட்டல் அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருந்தால் ஓட்டல் பெயரையும் அறை வகையையும் எழுத்தில் கேளுங்கள். அந்த "இணையானது" என்ற சொல்லில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. கார் தனியாகவா, மற்றவர்களோடு பகிர்ந்தா? படகு அரசுப் படகா, தனியார் விரைவுப் படகா? "சி.பி." என்றால் காலை டிபன் மட்டும், "எம்.ஏ.பி." என்றால் டிபனும் ஒரு வேளைச் சாப்பாடும், "ஏ.பி." என்றால் மூன்று வேளை. மலிவான பேக்கேஜ் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றில் கை வைத்திருக்கும்.

பணம் கட்டியதும் பி.என்.ஆர். எண் தருவார்கள். அது மட்டும் போதாது. பணம் செலுத்தாமல் பிடித்து வைத்த இருக்கைக்கும் பி.என்.ஆர். வரும். விமான நிறுவனத்தின் தளத்திலேயே அந்த எண்ணைப் போட்டு, பணம் கட்டிய டிக்கெட்தானா என்று உறுதி செய்யுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் மூன்றரை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடும் நிறுவனங்கள் உண்டு. காலை 7 மணி விமானமென்றால் நள்ளிரவு ஒரு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முதல் நாள் இரவே சென்னையில் தங்கிவிடுவது மேல். காணும் பொங்கலன்று மட்டும் ஈ.சி.ஆர். பக்கமே போகாதீர்கள், மாமல்லபுரம், கோவளம் கூட்டத்தில் வண்டி நகராது. அன்று திண்டிவனம் வழிதான்.

என் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் பாலிக்கு டிக்கெட் போட வேண்டுமா?
வாசகி, நெய்வேலி

வேண்டியதில்லை. கல்யாணமான பெண் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்போது மாற்றக் கொடுத்தால் திருமணப் பதிவு, புது பாஸ்போர்ட் என்று வாரக் கணக்கில் இழுக்கும். பழைய பாஸ்போர்ட் எண்ணில் போட்ட விசாவும் டிக்கெட்டும் வீணாகும். பயணம் முடிந்து வந்து நிதானமாகச் செய்துகொள்ளுங்கள்.

நமக்கு உண்மையான சிக்கல் இனிஷியல்தான். ஆதாரில் "எஸ். கவிதா" மாதிரி இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, பான் கார்டில் வேறு வரிசையில் என்று மூன்று விதமாக இருக்கும். வெளிநாட்டு டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். அழைப்பிதழில் உள்ள பெயரைப் பார்த்து மாமனார் வீட்டிலிருந்து யாராவது டிக்கெட் போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து. சர்நேம் காலியாக உள்ளவர்கள் எப்படி நிரப்புவது என்று ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் தளத்தில் ஒரு விதி போட்டிருக்கும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள்.

துபாய்க்கு மாற நினைத்தால் கவனம்: ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் தந்தார்கள். விசா போடும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பாலிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். போய்ச் சேரும் நாளிலிருந்து 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிராவல்ஸில் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பவும் வரும். அதற்கு, கணக்குத் தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். பலர் இதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மகளுக்கு ஆனி கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஜூலை 20-க்கு டிக்கெட் பார்க்கிறார். சம்பந்தி வீட்டில் ஆடி பிறந்ததும் பெண்ணை அழைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, வில்லியனூர்

ஆடி 1 ஜூலை 17 வாக்கில் வந்துவிடும். ஜூலை 20 ஆடிக்குள்தான். ஆடி அழைப்பை உங்கள் இரு வீட்டிலும் எவ்வளவு பார்ப்பீர்கள் என்பது உங்கள் முடிவு. அந்தப் பேச்சை மாப்பிள்ளை பணம் கட்டுவதற்கு முன்னால் பேசுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். ஜூலையில் விமானமும் ஓட்டலும் மலிவாகத் தெரியும், கூடவே "கேன்சல் செய்தால் பணம் இல்லை" என்ற நிபந்தனையும் பொடி எழுத்தில் இருக்கும்.

கல்யாணத்துக்கும் ஆடிக்கும் நடுவில் நான்கைந்து நாள் கிடைத்தால் ஏற்காடு மாதிரி பக்கத்தில் இரண்டு இரவு போய் வரட்டும். பெரிய பயணத்தை ஆவணிக்கு வையுங்கள். அந்த நேரத்தில் பாலி நன்றாக இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையும், அதாவது திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும்; மொழிக் கவலையும் இல்லை.

தலை தீபாவளிக்குப் பெண் வீட்டுக்கு வந்துவிட்டு அப்படியே கிளம்பலாம் என்று சிலர் யோசிப்பார்கள். நம் பக்கத்தில் அது வடகிழக்குப் பருவமழை நேரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அடுத்த இரண்டாம் நாள் விக்கிரவாண்டி பக்கம் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணமும் வரும். ஆனால் மூணாறில் கட்டிய ஓட்டல் பணம் தானாக வராது. நவம்பரில் போவதென்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கேன்சல் செய்யக்கூடிய அறையாகவே எடுங்கள்.

ஆவணியில் ஆலப்புழை படகு வீடு போகலாமா? மழை கெடுத்துவிடுமா?
வாசகர், பண்ருட்டி

போகலாம். மழை விட்டு விட்டுத்தான் பெய்யும், வாடகையும் டிசம்பரை விடக் குறைவு. ஓணம் நாட்களையும் நேரு கோப்பைப் படகுப் போட்டி நாளையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படகு மதியம் 12 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடும். இரவெல்லாம் மிதந்துகொண்டே போகும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கரையோரம் கட்டிவிடுவார்கள், மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. கட்டும் இடம் முக்கியம். வரிசையாகப் பத்துப் படகு ஜெனரேட்டர் சத்தத்தோடு நிற்கும் இடத்தில் கட்டினால் தனிமை போயிற்று. எங்கே கட்டுவீர்கள் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஏ.சி. எத்தனை மணி நேரம் என்பதையும் கேளுங்கள். மலிவான படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஓடும். ஜோடிக்கு ஒற்றை அறைப் படகு போதும். இரண்டு அறைப் படகில் ஒன்றை மட்டும் கொடுத்தால் பக்கத்து அறையில் வேறு குடும்பம் இருக்கும்.

விழுப்புரத்தில் ஏறினால் குருவாயூர் எக்ஸ்பிரஸ் நேராக ஆலப்புழைக்கே போகிறது. ஆனால் விடிவதற்கு முன்பே இறக்கிவிடும், படகோ மதியம்தான். குளித்து ஓய்வெடுக்க அரை நாள் அறை ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படகு ஒரு இரவு போதும். இரண்டாம் இரவைக் கரையில், மாராரி கடற்கரைப் பக்கம் வையுங்கள்.

ஓட்டலில் கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களா? வரி எவ்வளவு போடுவார்கள்?
வாசகர், முத்தியால்பேட்டை

இருவரின் அடையாள அட்டை போதும். முகவரி வேறு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. ஆதாரில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் பிரதியைக் கொடுங்கள். அழைப்பிதழைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தால், அதைக் காட்டி நல்ல அறை கேட்கவாவது உதவும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. ரூ.7,500 அறைக்கு மொத்தம் ரூ.7,875 ஆகும். ரூ.7,600 அறைக்கு ரூ.8,968! நூறு ரூபாய் வாடகை வித்தியாசத்துக்கு ஒரு நாளைக்கு ரூ.1,093 கூடுதல். எல்லையை ஒட்டிய அறையென்றால் ஓட்டலுக்கே போன் போட்டு ரூ.7,500-க்குத் தரச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

பூ அலங்காரம், கேக், மெழுகுவர்த்தி டின்னர் என்று "ஹனிமூன் பேக்கேஜ்" சேர்ப்பார்கள். அது இல்லாத அறை விலையையும் கேட்டு, கழித்துப் பாருங்கள். படுக்கையில் இதய வடிவில் கொட்டும் ரோஜா இதழுக்கு இரண்டாயிரம் ரூபாய் அதிகம்.

முகநூல் விளம்பரத்தில் பார்த்த ரிசார்ட்டுக்கு ஜி-பேயில் பாதிப் பணம் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
வாசகி, கடலூர் முதுநகர்

பணம் அனுப்பும் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ரிசார்ட் பெயரோ நிறுவனப் பெயரோ வராமல் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "இன்றைக்குள் கட்டினால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துவதும் கெட்ட அறிகுறி. வீடியோ காலில் வரவேற்பறையைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ரிசார்ட்டுக்கு அது இரண்டு நிமிட வேலை. ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது கேட்டு, அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் எந்த மாநிலம் என்பதும் தெரிந்துவிடும். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் புகார் பதிவானால்தான் அந்தக் கணக்கை முடக்க முடியும்.